இறாலின் கண்ணையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் நியூரோபெப்டைடுகளைப் பற்றி, அதாவது நரம்புச் செல்கள் செய்தி சொல்லச் சுரக்கும் சிறு புரதத் துண்டுகளைப் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டிப்பிடித்தால் ஆக்ஸிடாசின், ஓடினால் எண்டார்ஃபின் என்று சுவையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனுஷன், மனுஷன்தான். நியூரோபெப்டைடை வைத்தே பிழைப்பு நடத்தும் ஒரு தொழில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருக்கிறது. அதைப் பற்றி மூச்சு இல்லை. இறால் ஹேச்சரிகளை, அதாவது இறால் குஞ்சு பொரிக்கும் நிலையங்களைச் சொல்கிறேன். அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

டைகர் இறாலைத் தொட்டியில் விட்டால் நன்றாகத் தின்னும், வளரும். சினை மட்டும் லேசில் பிடிக்காது. அதற்கு ஹேச்சரிகளில் செய்வது, பெண் இறாலின் ஒரு கண்ணை எடுத்துவிடுவது. ஓடு கெட்டியாக இருக்கும் நேரம் பார்த்து, ஈரத்துணியில் பிடித்துக்கொண்டு, சூடு ஏற்றிய இடுக்கியால் கண்காம்பை நசுக்குவார்கள். சில இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டிவிடுவதும் உண்டு, கண் தானாக விழுந்துவிடும். இடுக்கி பட்டதும் இறால் வாலை அடித்துத் துள்ளும். ஒரு வாரம் போல ஆனதும் ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகு ஓட்டுக்கு அடியில் கரும்பச்சையாக ஒரு பட்டை தெரியும். அதுதான் சினை. பட்டை நன்றாகத் தடித்துவிட்டால் அன்று இரவே தனித்தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், முட்டை லட்சக்கணக்கில் வரும்.

கண்ணுக்கும் சினைக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். பார்வைக்கு இதில் வேலையே இல்லை. கண்காம்புக்குள் எக்ஸ் உறுப்பு என்று ஒரு நரம்புச் செல் கூட்டம் இருக்கிறது. அது தயாரிக்கும் பெப்டைடுகள் பக்கத்திலுள்ள சைனஸ் சுரப்பியில் சேர்ந்து, தேவைப்படும்போது ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் ஒன்று சினைப்பை வளராமல் பிரேக் போட்டு வைக்கிறது. ஒரு கண் போனால் பிரேக் தளர்ந்துவிடும். பானூஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1943-லேயே ஒரு வகை இறாலில் இதைக் காட்டிவிட்டார்.

சரி, முட்டை கிடைத்தது. ஆனால் கண்ணோடு போவது அந்த ஒரு பெப்டைடு மட்டுமா? ஓடு கழற்றுவதைத் தள்ளிப்போடுவதும், ரத்தத்தில் சர்க்கரையைக் கவனித்துக்கொள்வதும் அங்கேதான் இருக்கின்றன. உடம்பின் சிவப்பு நிறமியைச் சுருக்குவதும் அங்கிருந்துதான் வருகிறது. வெறும் எட்டு அமினோ அமிலங்களால் ஆன அந்த நிறமிப் பெப்டைடின் அமைப்பை 1972-இல் கண்டுபிடித்தார்கள். முதுகெலும்பில்லாத உயிரினங்களின் நியூரோபெப்டைடுகளில் முதலில் அமைப்பு பிடிபட்டது அதற்குத்தான். இத்தனையும் ஒரே நசுக்கில் பாதியாகிவிடுகிறது. அதனால்தான் கண் எடுத்த இறால் அடிக்கடி ஓடு கழற்றும், தீனியும் அதிகம் கேட்கும். சில மாதங்களில் முட்டையின் தரம் இறங்கும், அப்புறம் தாயே தேறாது. வேறு தாய் வாங்க வேண்டும்.

ஒரு பெப்டைடுக்கு ஒரு வேலை என்ற கணக்கு மற்ற விலங்குகளிலும் சரிவராது. கட்டுரையில் சொன்ன பிரெய்ரி வோல் என்ற எலி போன்ற பிராணியின் ஜோடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஜோடி சேர ஆக்ஸிடாசின்தான் காரணம் என்பார்கள். ஆனால் ஆக்ஸிடாசினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே இல்லாமல் பிறந்த வோல்களும் ஜோடி சேர்ந்தன என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்துவிட்டது.

மாட்டுக்கு வருவோம். கன்று முட்டியதும் மடியிலிருந்து மூளைக்குச் செய்தி போய், ஆக்ஸிடாசின் வந்து, ஒரு நிமிஷத்துக்குள் மடி சுரக்கிறது. மாடு மிரண்டுபோயிருந்தால் சுரக்காது. கன்று இல்லாத இடங்களில் இதையே ஊசியாகப் போட்டுக் கறப்பது பழைய கதை. பால் கூடுவதற்காக மாட்டின் உடம்புக்குக் கேடான ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றம். அதைப் பற்றி உங்கள் பத்திரிகை உட்படப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இறாலுக்கு மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பிரிட்டனில் 2022-இல் வந்த சட்டம் இறாலையும் நண்டையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. தாய்லாந்து ஆய்வாளர்கள், அந்த பிரேக் பெப்டைடுக்கான மரபணுவை மட்டும் ஊசி மூலம் அடக்கி, கண்ணைத் தொடாமலேயே டைகர் இறாலை முட்டையிட வைத்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலான ஹேச்சரிகளில் இருக்கும் வனாமி என்ற வெளிநாட்டு இறால் வகை, கண் எடுக்காமலேயே சினை பிடிக்கக்கூடியது. கொஞ்சம் தாமதமாகும், எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். அப்படிப் பிறந்த குஞ்சுகள் வெள்ளைப்புள்ளி என்ற இறால் வைரஸ் நோயைக் கூடுதலாகத் தாங்கின என்று ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. முதலாளிகளைத் திட்டிப் பயனில்லை. குஞ்சு பைசா கணக்கில் விற்கிறது, இடுக்கிக்கோ செலவே கிடையாது.

இதற்கெல்லாம் ஆள் தேடி எங்கேயும் அலைய வேண்டாம். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது, அதன் பரிசோதனைப் பண்ணை முட்டுக்காட்டில். வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் நிலையம் நீலாங்கரையில். உங்கள் நிருபர் ஒருவரை ஒரு நாள் அந்தப் பக்கம் அனுப்புங்கள். அப்படியே மரக்காணம் வரை போய், கண் எடுக்காத தாயின் குஞ்சுக்கு எத்தனை பைசா கூடுதலாகக் கேட்பார்கள், பண்ணைக்காரர்கள் அதைக் கொடுப்பார்களா என்று இரண்டு தரப்பிடமும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹேச்சரி ஊழியர்,
திருவான்மியூர், சென்னை