ஓராண்டு வாசிப்பு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள வாசிப்புத் தோழர்களுக்கு,

வணக்கம். வாரம் ஒன்று, ஆண்டுக்கு 52 என்று கிளம்பிய நம் வாசிப்புச் சவால் டிசம்பர் 31 அன்று நிறைவடைந்தது. என் பட்டியலும் நிரம்பிவிட்டது. வாழ்த்திய எல்லோருக்கும் உடனுக்குடன் நன்றி சொல்லிவிட்டேன். சிலருக்கு மட்டும் அந்த ஒற்றை வரி போதாது.

முதலில் ஒருங்கிணைப்பாளர். எண்ணிக்கை வைத்து நடக்கும் எந்தப் போட்டியும் ஒல்லிப் புத்தகங்கள் பக்கம்தான் சாயும். 90 பக்கக் குறுநாவலும் ஒன்று, 900 பக்க வரலாறும் ஒன்று என்றால் தடிப் புத்தகத்தை யார் தொடுவார்கள்? 600 பக்கம் தாண்டினால் இரண்டாகக் கணக்கு என்று பிப்ரவரியிலேயே விதியைத் திருத்தினீர்கள். பிடிக்காத புத்தகத்தை 50 பக்கத்தோடு மூடிவிடலாம், யாரும் காரணம் கேட்கக்கூடாது என்றும் சேர்த்தீர்கள். என்னைக் கடைசிவரை ஓடவைத்தது அந்த இரண்டாவது விதிதான். (ஒலிநூலைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற சண்டையைப் பற்றி இங்கே வாய் திறக்க மாட்டேன். சேர்க்கலாம்.)

அடுத்து நூலகர் அம்மா. நூலக வகைப்பாட்டு எண் 894.811, அதாவது தமிழ் இலக்கிய அடுக்கு, அதைத் தாண்டாமலேயே காலம் தள்ளியவள் நான். ‘தெரியாத துறையில் ஒன்று’ என்று கேட்டு நின்றபோது, நேரே 595.7-க்கு, பூச்சிகளிடம், அழைத்துப்போனார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில் நான்காவது. நம் நூலகர் அம்மா அதைத் தேர்வுக்குப் படித்து மறந்தவர் அல்ல. சவாலின் ‘நூறு வயது தாண்டிய நூல்’ பிரிவுக்காக எடுத்த துப்பறியும் நாவலில் 128-ஆம் பக்கத்தை அடுத்து 145 வந்தது. சரியாக ஒரு பாரம், அதாவது ஒரே தாளாக அச்சிட்டு மடிக்கும் 16 பக்கம், தைக்கும்போதே விட்டுப்போயிருக்கிறது. நானாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்திருப்பேன். அவரோ இன்னொரு கிளையிலிருந்து அதே பதிப்பை வரவழைத்து, விட்டுப்போன பாரத்தை நகலெடுத்து, ஓரத்தில் பசை தடவி உள்ளே ஒட்டினார். “அடுத்து எடுக்கிறவங்களுக்கும் ஆகுமே” என்றார். கதாநாயகி எதற்காக ஆண்வேடம் போட்டாள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருந்தது!

அதே பிரிவில் இன்னும் சில நூல்களை மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்திலிருந்து இறக்கிப் படித்தேன். 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இலவசமாகத் தந்துகொண்டிருக்கும் தன்னார்வலர்களை நேரில் அறியேன். கோப்பின் தலைப்பில் அவர்கள் பெயர்கள் இருக்கும். நாம் விரலால் தள்ளிவிட்டு நூலுக்குப் போய்விடுவோம். சந்தி பிரித்த ஒரு வரியைச் சரிபார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு என் கும்பிடு.

மாதக் கூடலில் நான் எதைப் புகழ்ந்தாலும் எதிர்வரிசையிலிருந்து தலையாட்டி மறுக்கும் நண்பரே, உங்களுக்கும்தான். நீங்கள் இரவல் தந்த மொழிபெயர்ப்பு நாவலின் ஓரங்களில் பென்சிலால் ‘அப்படியா?’, ‘பொய்’, ‘சரி, போகட்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். கதையைவிட அந்தச் சண்டையைத்தான் ரசித்துப் படித்தேன். நாவல் சுமார்தான் என்று இப்போதும் சொல்வேன்.

வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லாதவர்களுக்கு நன்றி. அவர்களுக்கு இது போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, நாடகப் பிரிவில் உடன் வாசித்த மூவருக்கு. தனியாகப் படித்தால் நாடகம் வெறும் வசனமாகத்தான் நிற்கிறது என்று நான் புலம்பியதும், பாத்திரங்களைப் பங்கு பிரித்து, வாய்விட்டுப் படிக்க வந்து உட்கார்ந்தீர்கள். இரண்டே வரி வசனம் உள்ள காவலாளிக்கு ஒருவர் கொடுத்த குரலைக் கேட்டு மற்றவர்களால் அடுத்த காட்சிக்குப் போகவே முடியவில்லை. புதிய ஆண்டின் பட்டியலிலிருந்து நாடகத்தை எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒருங்கிணைப்பாளர் அவர்களே, தயவுசெய்து எடுக்காதீர்கள். காவலாளி வேடத்துக்கு ஆள் தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் குழுவின் பூச்சிப் புத்தக வாசகி