பாதிராமணல் தீவுக்குப் பறவை பார்க்கப் போகும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 17, சனிக்கிழமை அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரையும் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலின் நடுவில் இருக்கும் பாதிராமணல் தீவுக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். சென்ற வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "டீச்சர், படகிலா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்களும் பேசவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம் பீருமேடு வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. நாம் போகும் காயலிலேயே 2002 ஜூலையில், கரையோர ஊரான முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். இவற்றைச் சொல்லாமல் உங்களிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பயம் சரியான பயம். எனக்கும் அது இருக்கிறது.

அதனால்தான் நவம்பரில் இரண்டு ஆசிரியர்களுடன் நானே போய்ப் பார்த்து வந்தேன். படகுத் துறையில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை எங்களோடு வந்த ஆசிரியையின் மகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து வயதுப் பிள்ளை. கையைத் தூக்கச் சொன்னதும் ஜாக்கெட் தலை வழியாகக் கழன்று என் கைக்கு வந்துவிட்டது. பெரியவர்களின் அளவு பிள்ளைகளைக் காப்பாற்றாது. சிறுவர் அளவில் 38 ஜாக்கெட் இருந்தால்தான் வருவோம் என்று படகுக்காரரிடம் சொல்லி, பிறகு அவை வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்டேன். மூன்று படகுகளில் பிரிந்து போகிறோம். காற்று பலமாக வீசினால் ஏறமாட்டோம். காயலின் குறுக்கே கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணையில் நின்றபடி பறவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

இன்னொன்று, பறவையைக் கண்டதும் எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வது. இதற்கென்று மைதானத்தில் பெஞ்சுகளைப் படகு போல் போட்டுப் பழக்கி வருகிறோம். நான் "அதோ, நாரை!" என்று கத்துவேன்; யாரும் எழக்கூடாது. முதல் நாள் வகுப்பே எழுந்து நின்றது. நேற்று இரண்டு பேர்தான் எழுந்தார்கள். அவர்களும் எழாத வரை பயிற்சி தொடரும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சரிவுகளில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று வகுப்பில் கேட்டேன். "கடலுக்கு" என்றார்கள். கடலுக்கு முன்னால் ஒரு காயல் இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. பம்பை ஆறு பீருமேட்டு மலைகளில்தான் பிறக்கிறது. இறங்கிப் போய்ச் சேருவது வேம்பநாட்டுக் காயலில். 2002ஆம் ஆண்டிலிருந்து உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கும் நீர்நிலை அது. நம் பிள்ளைகளுக்கு அந்த நீரில் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு. தீவின் கரையில் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே பாலித்தீன் கவர்கள் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தேன். நம் தோட்டக் குடியிருப்பான லயத்து ஓடையில் போடுவது எங்கே ஒதுங்குகிறது என்பதை அவர்களும் ஒருமுறை பார்க்கட்டும்.

பாதிராமணல் என்றால் நள்ளிரவின் மணல். முன்பு அங்கே சில குடும்பங்கள் வாழ்ந்தன. பிறகு அவர்களை முகம்மாவில் குடியமர்த்தினார்கள். இப்போது மரமும் புதரும் பறவையும்தான். ஊசிவால் வாத்து குளிர்காலத்தில் வடக்கே வெகு தொலைவிலிருந்து, சைபீரியாவிலிருந்தும்கூட, காயலுக்கு வருகிறது. எடை ஏறக்குறைய ஒரு கிலோதான். இலைக்கோழி தன் நீண்ட விரல்களைப் பரப்பி, மிதக்கும் இலைகள் மேல் நடந்து போகும். எனக்கு மறக்க முடியாதது பாம்புத்தாரா. மீனோடு நீரிலிருந்து கழுத்தை மட்டும் நீட்டியபோது பாம்பென்றே நினைத்தேன். மீனை மேலே வீசித் தலை முதலாகப் பிடித்து விழுங்கியது. பிறகு ஒரு மரக்கம்பில் ஏறி, நனைந்த இரண்டு சிறகுகளையும் விரித்து, வெயிலில் துணி காயப்போட்டது போல அசையாமல் நின்றது. அதன் இறகில் தண்ணீர் ஒட்டும். அதனால்தான் எளிதாக மூழ்க முடிகிறது, அதனால்தான் காய வேண்டியும் இருக்கிறது. பத்து நிமிடம் நாங்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தோம்.

கட்டணம் 350 ரூபாய். தோட்டம் மூடிக் கிடக்கும் வீடுகளும், இந்த மாதம் முடியாதவர்களும் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். பணத்துக்காக ஒரு பிள்ளையும் வீட்டில் இருக்கக் கூடாது. சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற உடைகள் வேண்டாம். பழைய பச்சை, காக்கி நிறச் சட்டை நல்லது. மதியச் சோறும் குடிதண்ணீரும் பாத்திரத்தில் கொடுத்தனுப்புங்கள். குட்டிக்கானம் இறக்கத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் யாரென்று வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீந்தத் தெரிந்த பெற்றோர் நான்கு பேர் எங்களோடு வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இணைப்புத் தாளில் கையெழுத்திட்டு ஜனவரி 9க்குள் அனுப்புங்கள். சம்மதம் இல்லையென்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பஸ் விடியற்காலை 4 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பும். திரும்பி வர இரவு 7 மணி ஆகும். அந்த நேரத்தில் லயத்துப் பாதை இருட்டாக இருக்கும் என்பதால், வீட்டுக்கு ஒருவர் டார்ச் விளக்குடன் பள்ளி வாசலுக்கு வந்து பிள்ளையைக் கையோடு அழைத்துப் போக வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை