வெடிக்கு முன் பத்து நிமிடம்: வெள்ளவத்தைத் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

லிஃப்ட் அருகே நீங்கள் ஒட்டியுள்ள அறிவித்தல், தவில் பயிற்சியையும் காலைப் பக்திப்பாடலையும் ‘இடையூறு’ என்றும், கிரிக்கெட் வெற்றிக்கும் புதுவருடத்துக்கும் கொளுத்தும் வெடியைக் ‘கொண்டாட்டம்’ என்றும் பிரித்து, முன்னதற்கு மட்டும் உங்களிடம் அனுமதி பெறவேண்டும் என்கிறது. இது யாருடைய காதைக்கொண்டு பிரித்தது?

மாலையில் பாண் விற்றுவரும் சூன்பாண் ஓட்டோவில் பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ ஒலித்ததும் எங்கள் பிள்ளைகள் சில்லறையோடு படியிறங்கி ஓடுகிறார்கள். தாய்வானில் அதே மெட்டுக் குப்பை வண்டியுடையது. அங்கே குப்பைப் பையோடு ஓடுவார்கள். சித்திரைக்கு முன் குயில் கூவினால், கீழ்மாடிச் சிங்கள அம்மாவுக்கு ‘கொஹா’ வந்துவிட்டது, அவுருது, அதாவது சித்திரைப் புதுவருடம், வருகிறது என்று முகம் மலரும். எனக்கு அது வெறும் குயில்தான். அவருடைய மகிழ்ச்சியைப் பார்த்தே நானும் காது கொடுக்கப் பழகினேன்.

என் தாயார் போர் முடிந்தபின் வன்னியிலிருந்து எங்களிடம் வந்தவர். அண்மையில் ஒரு கிரிக்கெட் இரவில் வாகனத் தரிப்பிடத்தில் வெடிக்கட்டு வெடித்தபோது, தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தரையில் வைத்துவிட்டு, சாளரத்தை விட்டு விலகி, குளியலறைச் சுவரோடு ஒட்டிக் குந்தினார். பதறியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நிதானந்தான் என்னை உலுக்கியது. பெப்ரவரி 4ஆம் திகதிச் சுதந்திர தினத்துக்கான ஒத்திகை விமானங்கள் காலிமுகத்திடல் பக்கம் பறக்கையில் சிறுவர்கள் மொட்டைமாடியில் நின்று கையசைப்பார்கள். அம்மா, போர்க்காலத்தில் குண்டு வீசிய விமானத்தின் பெயரான ‘கிபிர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு உள்ளே போய்விடுவார். சிறுவர்கள்மீது எனக்குக் குறையில்லை. இது தமிழருக்கு மட்டுமான அச்சமும் அன்று: 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தபோது கொச்சிக்கடைத் தேவாலயத்தில் இருந்த சிங்கள அயலவர் ஒருவருக்கும் வெடி ஆகாது.

ஒலிபெருக்கிகள் பற்றிய 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம், எந்த மதத்தின் ஒலி என்று பாராமல், இரவு 10 முதல் காலை 6 வரை என நேரத்தையே பொதுவான அளவாகக் கொண்டது. நீங்களும் அவ்வாறே செய்யலாம்; தவில் பழகும் தம்பியும் அந்த நேரத்துக்குக் கட்டுப்படுவார்.

வெடியைத் தடைசெய்யுமாறு நான் கேட்கவில்லை. புதுவருட வெடிக்குச் சுபநேரம் உண்டு. அதை முன்னரே சொல்லி அம்மாவை ஆயத்தப்படுத்திவிடுகிறேன். கிரிக்கெட் வெற்றிக்கு ஏது சுபநேரம்? கொளுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பு குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுமாறு விதி செய்யுங்கள். அதற்குள் சாளரங்களைச் சாத்திவிட்டு அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இவ்வண்ணம்,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்