ஷார்த்ர் பேராலயப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை, வழக்கமான வகுப்புகளுக்குப் பதிலாக, மேல்வகுப்பு மாணவர்களைப் பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள ஷார்த்ர் நகரின் பேராலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அறிவிப்பு வெளியான மறுநாளே கேள்விகள் வந்துவிட்டன. தமிழ்ப் பள்ளிக்கும் பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டீர்கள். சைவக் குடும்பத்தினர் சிலர், பிள்ளைகள் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டியிருக்குமோ என்று தயங்கினீர்கள். கத்தோலிக்கக் குடும்பத்தினர் சிலர், செபமாலை கொடுத்து அனுப்பலாமா என்று விசாரித்தீர்கள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: நாங்கள் பார்ப்பதற்காகப் போகிறோம். செபிக்க விரும்பும் பிள்ளை செபிக்கட்டும். யாரையும் முழந்தாளிடச் சொல்ல மாட்டோம்.

ஏன் அந்த இடம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மத்திய காலத்தில் ஷார்த்ருக்கு மக்கள் நடந்து வந்ததற்குக் காரணம் ஒரு துணி. இயேசு பிறந்தபோது அன்னை மரியா அணிந்திருந்ததாக நம்பப்பட்ட ஆடையை, 876இல் பேரரசர் வழுக்கைச் சார்லஸ் இந்த ஆலயத்துக்கு அளித்தார் என்பது மரபு. இலங்கையில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய் மரத்தடியில் தங்கியவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். ஷார்த்ரின் திருநாள் கூட்டத்தை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அங்கே திருநாளை ஒட்டிப் பெரிய சந்தையும் கூடியது. பக்தியும் வியாபாரமும் ஒரே வாசலில்தான் நின்றன.

1194 ஜூன் 10 இரவு தீப்பிடித்தது. ஊரின் பெரும்பகுதியும் ஆலயமும் எரிந்தன. ஆடையும் போய்விட்டது என்று மக்கள் கதறினார்கள். மூன்று நாட்கள் கழித்து நிலவறையிலிருந்து குருக்கள் அதைச் சேதமின்றி எடுத்துவந்தார்கள். அப்போது ஊரில் இருந்த பீசா நகரத்துக் கர்தினால் மெலியோர், அன்னை தனக்கு இன்னும் அழகான ஆலயத்தை விரும்புகிறாள் என்ற பொருளில் மக்களிடம் பேசினார் என்கிறது அக்காலப் பதிவு. அந்தப் பதிவை எழுதியவரும் அதே ஆலயத்தைச் சேர்ந்தவர்தான் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். கட்டட நிதி திரட்ட இதைவிட நல்ல கதை எந்த நிர்வாகக் குழுவுக்கும் வாய்த்திராது. எப்படியோ, பெர்ஷேர் கல்குவாரியிலிருந்து வண்டி வண்டியாகக் கல் வந்தது. 1220 வாக்கில் கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் கல் விதானம். பேராலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழுபட்ட அந்தக் காலத்தில் இது அசுர வேகம். 1260இல் அரசர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் அர்ச்சிப்பு, அதாவது ஆலயத்தை இறைவனுக்கு அர்ப்பணிக்கும் சடங்கு, நடந்தது.

அந்தத் துணியின் பிற்காலத்தையும் மறைக்கப் போவதில்லை. 1712இல் அது இருந்த பேழையைத் திறந்தபோது உள்ளே இருந்தது சட்டை அல்ல, நீளமான ஒரு துணி. பிரெஞ்சுப் புரட்சியின்போது அதையும் துண்டு போட்டுவிட்டார்கள். எஞ்சிய ஒரு பகுதி இன்றும் ஆலயத்தில் இருக்கிறது.

தீக்குத் தப்பிய ஒன்றைப் பார்க்கத்தான் நாம் முக்கியமாகப் போகிறோம். மேற்கு முகப்பில் இருக்கும் மூன்று வாசல்களுக்கு அரச வாசல் என்று பெயர். 1150ஐ ஒட்டிய ஆண்டுகளில் செதுக்கப்பட்டவை. வலப்பக்க வாசலின் மேலே குழந்தையோடு அரியணையில் அமர்ந்திருக்கிறாள் மரியா. அவளைச் சுற்றிய வளைவுகளில் வானதூதர்களோடு ஏழு கலைகளும் இடம்பிடித்திருக்கின்றன: இலக்கணம், தருக்கம், நாவன்மை, எண்கணிதம், வடிவகணிதம், வானியல், இசை. ஒவ்வொரு கலையும் ஒரு பெண்ணின் உருவம். அவள் காலடியில் அந்தக் கலையில் பேர்பெற்ற பழங்கால அறிஞர் ஒருவர், பெரும்பாலும் மடியில் எழுதுபலகையோடு. இசை, சிறு சுத்தியலால் மணிகளைத் தட்டுகிறாள். அவளுக்குக் கீழே பித்தாகரஸ் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கரைத் தங்கள் ஆலய வாசலில் உட்கார வைக்க அந்தக் குருக்கள் தயங்கவில்லை.

இலக்கணத்தின் முன்தான் நம் மாணவர்களை அதிக நேரம் நிறுத்தப் போகிறேன். ஒரு கையில் புத்தகம், மறு கையில் பிரம்புக்கட்டு. காலடியில் இரண்டு சிறுவர்கள்: ஒருவன் ஒழுங்காகப் படிக்கிறான், மற்றவன் அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். எட்டரை நூற்றாண்டுக்கு முன் வகுப்பறையை நேரில் பார்த்த ஒருவர் சொல்லிச் செய்த சிற்பம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (பிரம்பைப் பார்த்ததும் எந்தப் பெற்றோரும் புதிய யோசனை சொல்ல வேண்டாம்.)

இந்தச் சிற்பங்கள் அங்கே வந்தது தற்செயல் அல்ல. ஷார்த்ர் பேராலயத்தோடு ஒரு பெரிய கல்விக்கூடம் இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயராக இருந்த ஃபுல்பெர் காலத்திலேயே தொலைவிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் தியெரி என்ற ஆசிரியர் ஏழு கலைகளுக்குமான பாடநூல்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார். அரச வாசல் எழுந்த காலமும் அதுதான். அவருக்கு முன் அங்கே கற்பித்த பெர்னார் சொன்னதாக ஒரு கருத்து இன்றும் வழங்குகிறது: நாம் பூதங்களின் தோளில் அமர்ந்த குள்ளர்கள், அவர்களைவிட அதிகத் தொலைவு பார்ப்பது நம் கண்ணின் கூர்மையால் அல்ல, அவர்கள் நம்மைத் தூக்கிப் பிடித்திருப்பதால். அதை எழுதிவைத்த சாலிஸ்பரி ஜான் பின்னாளில் ஷார்த்ரின் ஆயராகவே ஆனார்.

தென்புற ரோஜா வட்டச் சாளரத்துக்குக் கீழே ஐந்து நெடிய சாளரங்கள் உள்ளன. அவற்றில் எசாயாவின் தோளில் மத்தேயு, எரேமியாவின் தோளில் லூக்கா, எசேக்கியேலின் தோளில் யோவான், தானியேலின் தோளில் மாற்கு. பெரிய இறைவாக்கினர்கள், சிறிய நற்செய்தியாளர்கள். பெர்னாரின் சொல்லுக்கும் இந்தக் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டு இடைவெளி. ஆனாலும் தாத்தா பாட்டியின் மொழியைப் பாரிசில் படிக்கும் பிள்ளைகள் அதன் கீழே நின்று என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

ஷார்த்ரின் கண்ணாடிகள் மொத்தம் சுமார் 2,600 சதுர மீட்டர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே நீல ஆடை அணிந்த அன்னையின் புகழ்பெற்ற சாளரத்தையும், சாளரங்களின் அடிப்பகுதியில் வரும் தொழிலாளர்களையும் மட்டும் காட்டுவோம். ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், கல் தச்சர் எல்லோரும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மென்மயிர் ஆடை வணிகர் ஒருவர் வாடிக்கையாளருக்கு மேலங்கியை விரித்துக் காட்டுகிறார். இந்தத் தொழிற்குழுக்களே பணம் கொடுத்துச் சாளரங்களைச் செய்வித்தன என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சில ஆய்வாளர்கள் இதை மறுக்கிறார்கள்: குருக்கள் குழுவுக்கும் ஊராருக்கும் இடையே உரசல் இருந்தது, 1210இல் கலவரமே நடந்தது, உழைப்பாளர் மகிழ்ந்து கொடுப்பதுபோன்ற படம் குருக்களுக்கு வசதியாக இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த வாதம் நியாயமாகவே படுகிறது. படம் போட்டுக் காட்டியதாலேயே அது நடந்ததாகிவிடாது என்பதைப் பதினைந்து வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

1939இல் போர் நெருங்கியபோது இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துக் காப்பாற்றினார்கள். 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் அமெரிக்கப் படை பீரங்கியைத் திருப்ப இருந்த வேளையில், வெல்பர்ன் கிரிஃபித் என்ற கர்னல் தாமே உள்ளே போய்த் தேடி, யாரும் இல்லை என்று உறுதிசெய்தார். அன்றே பக்கத்து ஊரான லேவில் அவர் கொல்லப்பட்டார். கோயிலும் தேவாலயமும் குண்டுக்குத் தப்பாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் இதைப் பிள்ளைகளிடம் வீட்டில் பேசினால் நன்றாக இருக்கும். நான் பேசுவதைவிட நீங்கள் பேசுவது எடுபடும்.

இனி ஏற்பாடுகள். பாரிசின் மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். பாரிஸ் பகுதிப் பயண அட்டையான நவிகோ ஷார்த்ர் வரை செல்லாது, எனவே பள்ளியே குழு டிக்கெட் எடுக்கிறது. தரையில் உள்ள புகழ்பெற்ற சுழல்பாதையை முழுமையாகப் பார்க்க முடியாது: நாற்காலிகளை அகற்றி அதைத் திறந்துவிடுவது தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்) முதல் புனிதர் அனைவர் நாள் (நவம்பர் 1) வரையிலான வெள்ளிக்கிழமைகளில்தான். விருப்பமிருந்தால் விடுமுறையில் ஒரு வெள்ளியன்று நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மதிய உணவு, தடித்த மேலாடை இரண்டும் அவசியம். வீட்டில் தொலைநோக்கி இருந்தால் கொடுத்தனுப்புங்கள். மேல் சாளரங்கள் வெறும் கண்ணுக்கு எட்டாது. கைபேசி பையிலேயே இருக்கட்டும். வரைவதற்குத் தாளும் பென்சிலும் நாங்கள் தருவோம்.

துணைக்கு வர நான்கு பெற்றோர் தேவை. கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியர் கைக்கு வந்துசேர வேண்டும். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு டிக்கெட் எடுக்க இயலாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்