வண்டி இப்போது கொதிப்பதில்லை: ஒரு நன்றி மடல்

பெங்களூரு ஜே.சி. ரோடு ரேடியேட்டர் கடை அண்ணனுக்கும், விமானபுரம் ஐயாவுக்கும், பீன்யா தம்பிக்கும், எங்கள் அல்சூர் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு மத்தியானம் வண்டியை ஸ்டார்ட் செய்து, நகர்த்தாமல் அப்படியே நிற்கவிட்டேன். மூன்று பக்கமும் திறந்த கொட்டகைதான், ஆனாலும் வெளியே வெயில் சுள்ளென்று இருந்தது. 40 நிமிஷம். எஞ்சின் சூட்டைக் காட்டும் கேஜில் முள் 93 டிகிரியைத் தொட்டதும் விசிறி சுற்றும், 87-க்கு இறங்கியதும் நிற்கும். அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள்.

தெரியாதவர்களுக்காக: இது நானே வீட்டில் கட்டிய வண்டி. 1957-இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் பாணியில், சதுரக் குழாய்களை வெட்டி, வெல்ட் அடித்து, ஒரு பழைய மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சினை உட்காரவைத்தது. மூக்கு தரையோடு தாழ்ந்திருக்கும், அழகு அதில்தான். வினையும் அதில்தான். எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர், எஞ்சின் தலையைவிடக் கீழே போய்விட்டது. (சாலையில் ஓட்டுகிறாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. பதிவு விவகாரம் தனிக்கதை. ஓசூர்ப் பக்கம் நண்பரின் தோட்டத்துக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் ஓட்டுகிறேன்.)

நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடினால் பொங்கிவிடும். நான் செய்த முதல் காரியம், பதினாலாயிரம் ரூபாய்க்கு இரட்டை வரிசை அலுமினிய ரேடியேட்டர் வாங்கியது. அப்புறம் பதினைந்து நிமிஷத்தில் பொங்கியது.

அதைவிடப் பெரிசு கேட்டுத்தான் ஜே.சி. ரோடு போனேன். அண்ணே, நீங்கள் விற்றிருக்கலாம். "பெரிய குண்டான் வாங்கினா அடுப்பு சூடு கம்மியாயிடுமா? போய் முன்னாடி பேப்பர் ஒட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கோபமாகத்தான் வந்தேன். வீட்டில் கிடந்த தினத்தந்தியில் ஒரு தாளைக் கிழித்து, விசிறி ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தேன். ஒட்ட வேண்டிய தாள் பறந்துபோய் என் முகத்தில் அடித்தது. விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது! மாட்டிக் கொடுத்த கடையில் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இழுக்க வேண்டியது, எஞ்சின் சூட்டையே வெளியே ஊதிக்கொண்டிருந்தது. ஆறு மாசமாக.

வயரை மாற்றினேன், தாள் ஒட்டியது, ஆனால் பாதி மனசோடுதான். அப்போதுதான் டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பாப்பா மீட்டரோடு வந்தாள். பேட்டரியில் 13.4 வோல்ட், விசிறி முனையில் 10 கூட இல்லை. "அங்கிள், இது ஹாரன் வயரு" என்றாள். தடித்த வயர் இழுத்து, ரிலே என்ற சுவிட்ச் வைத்து, ஃப்யூஸ் போட்டுக் கொடுத்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்பிய கேசரிக்கும் சேர்த்து நன்றி.

விமானபுரம் ஐயா, எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பார்த்த கண் உங்களுக்கு. பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டரைப் பார்க்கவே இல்லை, அதைச் சுற்றியிருந்த இடைவெளியைத்தான் பார்த்தீர்கள். இரண்டு விரல் நுழையும் சந்து. "காத்து சோம்பேறிப்பா, வழி இருந்தா சுத்திக்கிட்டுப் போயிடும்" என்றீர்கள். ஃபோம் பட்டை ஒட்டி அடைத்தோம், விசிறிக்குத் தகரக் கூடு கட்டினோம். பிறகு, நான் மாசக்கணக்கில் தேய்த்துப் பாலிஷ் போட்ட பானெட்டின் பக்கவாட்டில் எட்டுத் துளை வெட்டச் சொன்னீர்கள். உள்ளே வந்த காற்று வெளியே போகாவிட்டால் புதுக் காற்று எப்படி வரும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெட்டும்போது மட்டும் நான் உள்ளே போய்விட்டேன், மன்னிக்கவும்.

இதற்கப்புறமும் ஒரு பேய் பாக்கி இருந்தது. கேஜ் 85 காட்டும், மூடியில் ஆவி பறக்கும். பீன்யா தம்பி, நீதான் பிடித்தாய். சூட்டை அளக்கும் சென்சார் இருந்த இடத்தில் தண்ணீரே இல்லை, காற்று அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் முங்காத சென்சார் என்ன சொல்லும்? ரேடியேட்டர் கீழே இருப்பதால் காற்றெல்லாம் ஏறி எஞ்சின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றரை லிட்டர் அலுமினிய டேங்க் ஒன்றை டிக் வெல்டிங்கில் செய்து, எஞ்சினைவிட உயரத்தில் வைத்து, தெர்மோஸ்டாட் என்ற வால்வு உட்காரும் கூட்டின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ், டேங்கின் அடியிலிருந்து பம்புக்கு ஒரு தடித்த ஹோஸ் கொடுத்தாய். முதல் தடவை ஓடியபோது அந்த மெல்லிய ஹோஸில் குமிழி குமிழியாக வந்ததே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பொருளுக்கு மட்டும் காசு வாங்கினாய், கூலி வாங்கவில்லை. அது சரியில்லை, தீபாவளிக்கு வீட்டுக்கு வா.

என் அம்மாவுக்கும் ஒரு வரி. நம் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. "வெயிட் போடாம குக்கர் வைப்பியாடா?" என்று கேட்டது அவர்தான். 0.9 பார் அழுத்தம் வரை பிடித்துவைக்கும் புது மூடி, முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கொதிநிலை கிட்டத்தட்ட 20 டிகிரி ஏறிவிடுகிறது. போர்வெல் தண்ணீரையும் நிறுத்திவிட்டேன், உப்புப் படிகிறது. இப்போது பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்.

பதினாலாயிரத்து ரேடியேட்டரைக் கழற்றி, பழையதையே மாட்டியிருக்கிறேன். அதுவே போதுமாக இருக்கிறது. புதியது அட்டைப் பெட்டியோடு கொட்டகையில் கிடக்கிறது. வண்டி கட்டுகிற யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். வருவதற்கு முன்னால் ஒரு பேப்பர் ஒட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அல்சூர் கொட்டகைக்காரன்