எந்த பிளாக், என்ன நிலை, எந்தத் தேதிக்குள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றம் கூடும் நாள்களில் தங்கள் நாளிதழில் வெளிவரும் கேள்வி நேரச் செய்திகளைத் தவறாமல் படிக்கும் வாசகன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (முன்பு குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புகளின் நிலை குறித்து ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார் என்றால் அந்தச் செய்தியை இரண்டு முறை படிப்பேன். அந்தக் கேள்விகளைப் பற்றியும் அவற்றுக்குக் கிடைக்கும் பதில்களைப் பற்றியும் நெடுநாளாக என் மனத்தில் இருப்பதை எழுத விரும்புகிறேன்.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், கையால் தொட்டாலே சுவரின் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்ததை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்றைய எழும்பூர் தொகுதி உறுப்பினர் இ. பரந்தாமன் அதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். அவர் அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் என்பது அந்தக் கேள்விக்குத் தடையாக இருக்கவில்லை. அன்றைய துறை அமைச்சர் தா.மோ. அன்பரசன் அவையில் பதிலளித்தார், சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு கட்டடத்தின் தரம் ஆய்வு செய்யப்பட்டது. பொதுவாக ஏழைகளின் வீடுகள் என்று பேசாமல், இன்ன இடத்தில் இன்ன கட்டடத்தில் இன்ன குறை என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினால் அரசு இயந்திரம் நகர்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் நான்கே மாதத்தில், டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூரில் 1993ஆம் ஆண்டு கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. ஓர் உயிரும் போகவில்லை. விரிசல் விரிவதைக் கண்டு சந்தேகப்பட்ட மக்கள், ஒருவரையொருவர் எச்சரித்து, நேரத்தோடு கீழே இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய விழிப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் குடியிருப்பவரின் கண்ணும் காதும் மட்டுமே பாதுகாப்பு ஏற்பாடாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதே இடிவு, எல்லாரும் உறங்கும் நள்ளிரவில் நடந்திருந்தால்? 28 வயதில் ஒரு கான்கிரீட் கட்டடம் விழலாகாது. ஒழுங்காகக் கட்டி ஒழுங்காகப் பராமரித்தால் ஐம்பது ஆண்டுகள் தாராளமாக நிற்க வேண்டியது அது.

கட்டடம் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது சிமெண்டின் காரத்தன்மை. கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் இல்லாவிட்டாலும், கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தாலும், தளம் போட்டபின் தண்ணீர் விட்டு நனைக்காமல் காயவிட்டிருந்தாலும் ஈரமும் காற்றும் உள்ளே போய்விடும்; கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்து போகும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதால் உள்ளிருந்தபடியே கான்கிரீட்டை நெட்டித் தள்ளுகிறது. முதலில் கம்பி ஓடும் வரியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் தெரியும். பிறகு பழுப்பு நிறத்தில் கறை இறங்கும். பிறகு ஒரு நாள் கட்டியாகப் பெயர்ந்து விழும். மேல்வீட்டுக் கழிப்பறைத் தளத்திலோ கழிவுநீர்க் குழாயிலோ கசிவு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். இவ்வளவு முன்னறிவிப்புகளுக்குப் பிறகு ஒரு தளம் விழுகிறது என்றால், அந்த முன்னறிவிப்புகளை எழுதி வைக்க வேண்டியவர் எழுதி வைக்கவில்லை என்றே பொருள்.

உறவினர் ஒருவர் வசிக்கும் பழைய அடுக்குமாடி ஒன்றுக்குச் சில மாதங்களுக்கு முன் போயிருந்தேன். அது எந்த இடம், யார் கட்டியது என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தேன். 'டக் டக்' என்று கெட்டியாக வந்த சத்தம், கூரையைத் தாங்கும் உத்திரமான பீமை நெருங்கியதும் 'பொத் பொத்' என்று மாறியது. அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்த கட்டிலை எதிர்ச்சுவர் ஓரத்துக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். அங்குள்ள பாட்டி என்னை அழைத்துப்போய்ச் சமையலறைச் சுவரைக் காட்டினார். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு, பக்கத்தில் தேதி. அதற்கு அரை அடி தள்ளி இன்னொரு கோடு, இன்னொரு தேதி. இப்படி ஏழு கோடுகள். பொறியாளர்கள் விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி, அது உடைகிறதா என்று பார்ப்பார்களே, அதே வேலையைத்தான் பள்ளிக்கூடப் பென்சிலைக் கொண்டு அந்த அம்மா செய்து வருகிறார். மனு கொடுத்ததாகவும், ஆள்கள் வந்து மேலே பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனதாகவும் சொன்னார்கள். பூச்சுக்கு மேலும் கோடு நீண்டிருந்தது. உதிரும் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்பு பூசி, அதன்பிறகு மூடுவதுதான் பழுதுபார்ப்பு. வெறும் பூச்சு நோயைக் கண்ணிலிருந்து மறைக்கும். அதனால் அது தீங்கு.

நம்முடைய உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. 'பழுதடைந்த குடியிருப்புகளைச் சீரமைக்க அரசு முன்வருமா?' என்று கேட்டால் 'முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்' என்ற பதில்தான் கிடைக்கும். கேட்டவர் நன்றி சொல்லி அமர்ந்துவிடுவார். அதற்குப் பதிலாக, தம் தொகுதியில் உள்ள ஒவ்வொரு பிளாக்கும் கட்டப்பட்ட ஆண்டு என்ன, கடைசியாக எந்தத் தேதியில் எந்த நிலைப் பொறியாளர் ஆய்வு செய்தார், கான்கிரீட்டின் வலிமையைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாம்மர் சோதனையும், அதில் ஒரு துண்டைத் துளைத்தெடுத்துப் பார்க்கும் கோர் சோதனையும் செய்யப்பட்டனவா, முடிவு என்ன, குடியிருக்கத் தகுதியற்றது என்று எழுதப்பட்ட பிளாக்கில் இன்னும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அது எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். துணைக் கேள்வியில், அந்த அறிக்கைகளை அவையின் மேசையில் வைக்கும் தேதியைக் கேட்க வேண்டும். துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையோடு ஆண்டுதோறும் தரப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் திட்டப் பகுதிகளின் பெயரும் தொகையும் இருக்கும். குடியிருப்பவருக்கோ தன் தலைக்கு மேலிருக்கும் கூரை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அமைச்சர் அவையில் தரும் உறுதிமொழி நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேள்வி கேட்ட உறுப்பினர் ஆறு மாதம் கழித்து அந்தக் குழுவின் வழியாகத் தன் கேள்வியைத் தொடர்ந்தால்தான் அந்தப் பதிலுக்கு உயிர் இருக்கும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானால், அங்கிருந்து கிளம்ப வேண்டிய குடும்பங்களின் கவலை அன்றைக்கே தொடங்குகிறது. இடமாறும் குடும்பத்துக்கு அரசு தரும் கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. சென்னையில் இந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது என்பதை அவையில் உள்ள எல்லாரும் அறிவார்கள். ஆகவே கட்டடம் ஆபத்தானது என்று தெரிந்தும் மக்கள் காலி செய்யத் தயங்குகிறார்கள். 'சொன்னாலும் கேட்பதில்லை' என்று அவர்கள்மீது பழி சொல்வதை நான் மிகவும் வேதனையோடு கேட்டிருக்கிறேன். வேலை முடியும்வரை மாதந்தோறும் வாடகைத் தொகை, அதே இடத்தில் திரும்ப வீடு என்று கையெழுத்திட்ட ஒரு தாள், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பேருந்து எட்டும் தூரத்தில் தற்காலிக இடம் ஆகிய மூன்றும் இருந்தால் ஒருவரும் விரிசலுக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும் இழந்து பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாளின் அருமை நன்றாகவே தெரியும்.

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அமைத்து, மக்கள் தரும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் தருவது நல்ல ஏற்பாடு. படிக்கட்டு விளக்கு, குப்பை, தண்ணீர்த் தொட்டி கழுவுதல் ஆகியவற்றைச் சங்கம் பார்த்துக்கொள்ளலாம். தூணும் பீமும் சங்கத்தின் பொறுப்பாகிவிடக் கூடாது. லிஃப்டும் அப்படியே, எட்டாவது மாடியில் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர் இருக்கும்போது லிஃப்ட் நின்றால், அதைச் சங்கத்துக்குள் வசூல் செய்து சரிபார்க்கச் சொல்வது நியாயமாகாது. பொறுப்பு எங்கே பிரிகிறது என்பதையும் ஓர் உறுப்பினர் கேட்டு அவைக்குறிப்பில் பதியச் செய்ய வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தொடரில் குடியிருப்புப் பாதுகாப்பு குறித்த கேள்வி வரும் நாளில், அமளியும் வெளிநடப்பும் பற்றிய செய்திக்கு நடுவே அது இரண்டு வரியாகச் சுருங்கிவிடாமல், கேள்வியையும் பதிலையும் முழுமையாக வெளியிடுங்கள். பதிலில் தேதி இருந்தால் அந்தத் தேதி வரும்போது உங்கள் செய்தியாளரை அந்த இடத்துக்கு அனுப்புங்கள். நான் மேலே சொன்ன அந்தச் சமையலறைச் சுவரில் எட்டாவது கோடு போட்டாகிவிட்டது என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
வட சென்னை.