பெஞ்சு ஆணி அடித்ததா?

அன்புள்ள சாந்தி,

மூன்று மாதம் கழித்துப் பதில் போடுகிறேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், கல்யாணி பேத்தி காதுகுத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம், மூட்டுவலி உட்பட.

இப்போது எழுத உட்கார வைத்தது நீ அனுப்பிய பயிற்சி அட்டவணைதான். புது உதவிப் பேராசிரியர்கள் 24 பேர், வகுப்பில் கலந்துரையாடல் நடத்தப் பழக்க மூன்று நாள். அதில் இரண்டு நாள் பிபிடியா, பவர்பாயிண்ட் ஸ்லைடு போட்டு விரிவுரையா? நமக்குப் பாடம் எடுத்த ‘ஆக, ஆக’ சார் பார்த்தால் கண் கலங்கிப்போவார்.

பிபிடியை அரை மணிக்குள் முடி. 24 பேரை எட்டெட்டாக மூன்று அறையில் போடு. ஒருவர் ஏழு நிமிஷம் நடத்தட்டும், ஆறு பேர் மாணவர், ஒருவர் கவனிப்பவர். அது முடிந்ததும் எட்டு நிமிஷம் பேச்சு. எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் அதே ஆள் அதே தலைப்பைத் திரும்ப நடத்தணும். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக்ரோ டீச்சிங், அதாவது சின்னக் குழுவுக்குச் சில நிமிஷம் பாடம் நடத்திப் பழகுவது, தொடங்கியபோதே இந்த மறுமுறைதான் அதன் உயிர். நம் ஊரில் நேரமில்லை என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

கவனிப்பவருக்கு ஒரு தாளும் செல்போன் ஸ்டாப்வாட்சும் போதும். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி தாளில் கட்டம். யார் பேசினாலும் அவர் கட்டத்தில் ஒரு கோடு. கேள்வி முடிந்து ஆசிரியர் மறுபடி வாய் திறக்கும்வரை எத்தனை நொடி என்பது ஓரத்தில். முடிந்ததும் “நல்லா இருந்துச்சு மேடம்” எல்லாம் வேண்டாம். கவனித்தவர் தாளை நடத்தியவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கட்டும். காலியாகக் கிடக்கும் கட்டங்களை அவரே பார்ப்பார்.

அந்த நொடிக் கணக்கைத்தான் பிடித்துக்கொள். 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, கேட்காமலே பேசுபவர்கள் கூடினார்கள். இன்னொன்றும் கண்டார்: மக்கு என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது இன்னும் குறைவான நேரம்! நம் பிள்ளையை நினைத்துப் பார். ஆங்கிலத்தில் கேள்வி, தமிழில் யோசனை, திரும்ப ஆங்கிலத்தில் பதில், அதில் கிராமர் பயம் வேறு. ஒரு நொடியில் என்னடி செய்வாள்?

அதனால் வாயைத் திறக்குமுன் பேனாவைத் திறக்கச் சொல். கேள்வி பலகையில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் எல்லாரும் நோட்டில் எழுதணும், எந்த மொழியானாலும் சரி. பிறகு இரண்டு நிமிஷம் பக்கத்து ஆளோடு பேச்சு, அதன்பிறகுதான் பொதுவில். 1981இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சொன்ன ‘யோசி, ஜோடி சேர், பகிர்’ முறையை ஒட்டியது. எழுதும் நிமிஷத்தை எல்லாரும் விழுங்கிவிட்டு நேரே ஜோடிக்குத் தாவுவார்கள், அங்கேதான் கெடும். வாயாடி பேசுவாள், மற்றவள் தலையாட்டுவாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதானாலும் “உனக்குத் தெரியுமா?” வேண்டாம், “நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?” என்று கேட்கட்டும்.

கேள்வியும் கேள்வியாக இருக்கணும். “புரிஞ்சுதா?” கேள்வியே இல்லை. “ரயத்துவாரி முறையின் அம்சங்கள் யாவை?” என்றால் (அரசே விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கிய பிரிட்டிஷ் கால முறை) கைடைப் பார்த்துப் படிப்பார்கள். “மழை பொய்த்த வருஷம். ரயத்துவாரியில் ஒரு விவசாயி, ஜமீன்தாருக்கு வரி கட்டும் ஜமீனில் ஒரு விவசாயி. வரியைக் குறைக்கச் சொல்லி யார் யாரிடம் போவார்?” என்று கேட்டால் கடைசி பெஞ்சுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஆளுக்கு ஒரு பழைய கேள்வியைக் கொண்டுவரச் சொல்லி இப்படித் திருத்த வை.

மாணவராக நடிப்பவர்கள் ஆறு பேரும் முதல் ரேங்க் பிள்ளையாகவே உட்காருவார்கள், அதனால் சீட்டு எழுதிக் கொடு. அதில் குணத்தை எழுதாதே, ‘கூச்சக்காரி’ என்றால் கேலிக்கூத்தாகிவிடும். அவளுக்கு என்ன தெரியும், எது தடுக்கிறது என்று எழுது: “பதில் தெரியும். ஆங்கிலச் சொல் மட்டும் வரவில்லை.”

ஒன்றை மட்டும் சிரிக்காமல் கேள். உன் அட்டவணையில் முதல் நாள் ‘அறிமுக விளையாட்டு: பெயர், ஊர், அப்பா தொழில்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடு. அவர்கள் அதையே கொண்டுபோய் 60 பேர் முன்னால் செய்வார்கள். நம் ஊரில் அந்த மூன்றையும் கேட்டால் சாதியைக் கேட்டதாகத்தான் அர்த்தம். ஸ்காலர்ஷிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வதும் அதே ரகம். அன்றைக்கு மூடிய வாயை அப்புறம் எந்த மைக்ரோ டீச்சிங்கும் திறக்காது. பதிலாக, “இந்தப் பாடத்தில் உங்களுக்குப் பிடிபடாத ஒரு சொல்” என்று சீட்டில் எழுதச் சொல், பெயர் போடாமல்.

ஆண், பெண் ஜோடியை முதல் வாரமே திணிக்கவும் வேண்டாம். முன் பெஞ்சு பின்னால் திரும்பினால் நாலு பேர் கிடைத்துவிடுவார்கள். நாற்காலி என்றால் வேலை சுலபம். தரையோடு ஆணி அடித்த பெஞ்சென்றால் உட்காரும் இடம், குழு எல்லாவற்றையும் வேறு மாதிரி பிரிக்கணும். நாளைக்கே போய் அந்த மூன்று அறையையும் பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

உன்,
வசந்தா